ஒரு கற்றைக் கூந்தல்: ஐதராபாத்துப் பேகம் ஒருவரின் மறைந்த வாழ்வும் எஞ்சிய சான்றுகளும்

அரசர்களின் போர்களும் உடன்படிக்கைகளும் ஆவணங்களில் நிலைபெறுகின்றன. அதே காலத்தில் வீடுகளின் உட்கட்டுகளில் வாழ்ந்த பெண்களின் வாழ்வோ பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துபோகின்றது. அருகி எழுதப்படும் வேளைகளிலும் அது வதந்தியாகவோ குற்றச்சாட்டாகவோ விசாரணைக்குரிய விடயமாகவோதான் ஏடேறுகின்றது. அப்பெண்கள் எதனை விரும்பினர், எதனை அஞ்சினர், எதனை இழந்தனர் என அறிய முற்படும் வரலாற்று மாணவன் அரசாங்க ஆவணங்களோடு அமைந்துவிட முடியாது. வீடுகளின் பேழைகளிலே பேணப்பட்ட சிறு பொருள்களையும் அவன் நாடவேண்டியவனாகின்றான்.

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐதராபாத்தில் வாழ்ந்த கைருன்னிசா பேகத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நிஜாமின் அவையைச் சார்ந்த உயர்குடி முஸ்லிம் பெண்ணான அவர், அங்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வதிவிடப் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கேர்க்பட்ரிக்கை மறைவில் மணந்தார். அவர்களுடைய மகள் நான்கு வயது நிரம்புமுன்னரே கடல் கடந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ‘கிற்றி’ என்ற ஆங்கிலப் பெண்ணாக வளர்ந்தார். கிற்றியின் பிள்ளைகளுக்குக் கைருன்னிசா தாம் ஒருபோதும் காணாத, இறந்துபோன தாய்வழிப் பாட்டி. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்த அப்பாட்டியின் கூந்தற் கற்றையொன்று 1840களில் ஐதராபாத்திலிருந்து அவ்வாங்கிலக் குடும்பத்தை வந்தடைந்தது. அக்கற்றையும், ஓர் ஓவியமும், சில கடிதங்களும் நமக்குக் கூறுவன எவை, கூறாது விடுவன எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசியற் பின்னணி

கேர்க்பட்ரிக் 1764 இல் சென்னையிற் பிறந்தவர். தம் சகோதரர் வில்லியத்தைத் தொடர்ந்து ஐதராபாத்தின் வதிவிடப் பிரதிநிதியானார். அவர் பதவியேற்ற காலம் தென்னிந்திய அரசியலின் திருப்புமுனைக் காலமாகும். 1798 இல் நிஜாம் அலி கானோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி ஐதராபாத்திலிருந்த பிரெஞ்சுப் படையணி கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தார். 1800 இல் மற்றோர் உடன்படிக்கை நிஜாமின் அரசைக் கம்பனியின் பாதுகாப்பு வளையத்துள் முற்றாகக் கொணர்ந்தது. இவ்வெற்றிகள் பலவற்றில் கேர்க்பட்ரிக்கின் பங்கு பெரிது. பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்து, ஐதராபாத்து உயர்குடியினரின் உடையையும் உபசாரங்களையும் ஏற்று, ‘ஹஷ்மத் ஜங்’ என்ற பட்டத்தோடு அவர் அவையில் உலவினார்.

இத்தகைய வாழ்க்கைமுறை அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. வங்காளத்தில் ஆங்கிலேயர் எழுதிவைத்த உயில்களை ஆராய்ந்த வில்லியம் டல்றிம்பிள், 1780 – 1785 காலப்பகுதியில் மூன்றில் ஓர் உயில் இந்தியத் துணைவியரைக் குறிப்பிடுகின்றது என்றும், 1805 – 1810 காலப்பகுதியில் அது நான்கில் ஒன்றாகவும், 1830 அளவில் ஆறில் ஒன்றாகவும் குறைந்தது என்றும் எடுத்துக்காட்டுகின்றார். இவ்வீழ்ச்சி தனிமனிதரின் மனமாற்றத்தால் மட்டும் விளைந்ததன்று. இந்தியத் தாயருக்குப் பிறந்தோர் கம்பனியின் குடிசார், படைசார் உயர்பதவிகளைப் பெறுவதைத் தடுக்கும் கட்டளைகள் கோண்வாலிஸ் காலத்தில் பிறப்பிக்கப்பட்டிருந்தன. வணிகராக வந்தோர் ஆள்வோராக மாறியபோது, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்குமிடையே கோடொன்று வரையப்பட்டது. கைருன்னிசாவின் மணம் அக்கோடு அழுத்தம் பெற்றுக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்தது. அம்மணம் மறைக்கப்பட வேண்டியதாயிற்று என்பதன் காரணமும் இதுவே.

திரைமறைவில் ஒரு மணம்

கைருன்னிசாவின் பாட்டனார் பாகர் அலி கான், நிஜாமின் அவையில் செல்வாக்குற்றிருந்த மீர் ஆலத்தின் உறவினர். தாய் ஷரபுன்னிசா, இளம் வயதில் கணவனை இழந்து தந்தையின் இல்லத்தில் வாழ்ந்தவர். அவ்வில்லத்து மணவிழாவொன்றில் திரைக்குப் பின்னாலிருந்து கேர்க்பட்ரிக்கைக் கைருன்னிசா கண்டார் என்பதும், அப்போதே மனத்தைப் பறிகொடுத்தார் என்பதும் வழிவழி வந்த கதையாகும். அவருக்கு வேறோர் உயர்குடி இளைஞனோடு மணம் பேசப்பட்டிருந்தது. அதனை அவர் மறுத்தார்.

இவ்விடத்தில் வரலாற்று மாணவன் சற்றுத் தரித்து நோக்கவேண்டும். அவ்வேளையில் கைருன்னிசாவின் வயது ஏறத்தாழப் பதினான்கு. கேர்க்பட்ரிக்கின் வயது முப்பத்தைந்து. முதலில் தம்மை நாடி வந்தது அப்பெண்ணே என்றும், தாம் முதலில் விலகியிருந்ததாகவும், இரவு முழுவதும் நீடித்த சந்திப்பொன்றின் பின்னரே தம் உறுதி தளர்ந்தது என்றும் கேர்க்பட்ரிக் தம் சகோதரருக்கு எழுதினார். ஆனால், அக்கடிதம் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் தம் நிலையை விளக்க எழுதியதாகும். அதில் உண்மை இருக்கலாம், தன்னலமும் இருக்கலாம். அதே நிகழ்வைக் கைருன்னிசா எவ்வாறு விளக்கியிருப்பார் என்பதை அக்கடிதத்தைக்கொண்டு துணிதல் இயலாது. தாயான ஷரபுன்னிசா இவ்வுறவுக்கு இடையூறு செய்யவில்லை. துணைநின்றார் என்றே சான்றுகள் காட்டுகின்றன. கம்பனியின் பிரதிநிதியோடு ஏற்படும் உறவு, அவைப் போட்டிகள் மலிந்த அக்காலத்தில் குடும்பத்துக்கு அரணாகும் என்ற எண்ணமும் இதில் இருந்திருக்கலாம். எனவே, ‘காதல்’ என்ற ஒரு சொல்லுள் இவ்வுறவு முழுவதையும் அடக்கிவிடுதல் பொருந்தாது. ஆசையும் அரசியலும் குடும்ப நலனும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த உறவு அது.

கேர்க்பட்ரிக் இஸ்லாத்தைத் தழுவி மறைவில் மணமுடித்தார். 1801 மார்ச்சில் ஆண்மகவும் 1802 ஏப்ரிலில் பெண்மகவும் பிறந்தன. மகனுக்குச் சாஹிப் ஆலம் என்றும், மகளுக்கு நூருன்னிசா என்றும் பெயரிடப்பட்டது. பின்னர், கேர்க்பட்ரிக் எழுப்பிய பெரிய மாளிகையின் வளாகத்தில் ‘ரங்க மஹால்’ எனப்பட்ட பெண்கள் பகுதியில் கைருன்னிசா வாழ்ந்தார்.

ஏடேறிய அந்தரங்கம்

வதந்தி கல்கத்தாவை எட்டியபோது தேசாதிபதி வெல்லெஸ்லிப் பிரபு சினங்கொண்டார். அவருடைய ஆணைப்படி 1801 நவம்பரில் சென்னையில் இரகசிய விசாரணை நடைபெற்றது. ஐதராபாத்தில் பணியாற்றிய படை அதிகாரிகள் சத்தியப்பிரமாணத்தின் மீது வினவப்பட்டனர். சாஹிப் ஆலம் பிறந்து அப்போது எட்டு மாதங்களே ஆகியிருந்தன.

இவ்விசாரணை அறிக்கை கைருன்னிசாவைப் பற்றிய முதன்மையான அரச ஆவணமாகும். அதில் அவர் பேசப்படுகின்றார், ஆனால் பேசவில்லை. விசாரித்தோரின் கவலை அப்பெண்ணின் நலன் பற்றியதன்று. கம்பனியின் பிரதிநிதி ஐதராபாத்து அவையின் பிடிக்குள் அகப்பட்டுவிட்டாரா, இரு அரசுகளுக்குமிடையே அவருடைய பற்று எப்பக்கம் சாய்கின்றது என்பதே அவர்கள் அறிய விரும்பியது. ஒரு பெண்ணின் அந்தரங்க வாழ்வு அரசியல் ஐயத்தின் பேரிலேதான் ஆவணக்கூடத்துள் நுழைந்தது. கேர்க்பட்ரிக் பதவி இழக்கவில்லை. எனினும், அவருடைய வீட்டின் இரகசியம் அன்றோடு அரசின் இரகசியமாயிற்று.

கேர்க்பட்ரிக்கின் உயில் மற்றோர் ஆவணம். கைருன்னிசாவுக்குப் பரம்பரையாகவும் பிறவாறும் நிலமானியங்கள் இருந்தமையால், அவருக்கெனத் தனியாகப் பெருஞ்செல்வம் ஒதுக்கத் தேவையில்லை என்று அதிற் கூறப்படுகின்றது. எனினும், எல்லையற்ற அன்பின் அடையாளமாக ஐதராபாத்து நாணயத்தில் 10,000 ரூபா அவருக்கு விடப்படுகின்றது. அன்பு இவ்வாறு வெளிப்படையாகப் பேசும் அதே உயில், பிள்ளைகளை முறைசார் மணத்துக்குப் புறம்பே பிறந்தோராகவே ஆங்கிலச் சட்டமொழியிற் குறிப்பிடுகின்றது. ஐதராபாத்தில் மனைவியாக இருந்தவர், ஆங்கிலச் சட்டத்தின் முன் பிள்ளைகளின் தாய் மட்டுமே. ஒரே மனிதரின் கையொப்பத்தின் கீழ் இவ்விரு உண்மைகளும் அருகருகே நிற்கின்றன.

பிரிவு

1805 இல் பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். கலப்புப் பிறப்பினருக்கு இந்தியாவில் வாயில்கள் அடைபட்டிருந்த நிலையில், அவர்களின் எதிர்காலம் கருதித் தந்தை செய்த ஏற்பாடு அது. தாய் உடன்செல்லவில்லை. சென்னையில் அவர்கள் தங்கியிருந்தபோது, 1802 முதல் அந்நகரில் வாழ்ந்துவந்த ஓவியர் ஜோர்ஜ் சின்னரி இருவரையும் ஓர் ஓவியமாகத் தீட்டினார். ஐதராபாத்து அவைக்குரிய சரிகை உடையும் அணிகளும் பூண்டு படிகளின் மேல் அவர்கள் நிற்கின்றனர். மகன் நேரே நோக்குகின்றான்; மகளின் பார்வையோ தாழ்ந்து, துயர் தோய்ந்து காணப்படுகின்றது. இந்தியாவில் ஆங்கில ஓவியர் தீட்டிய படங்களுட் சிறந்தவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. அவ்வுடையில் அவர்கள் தோன்றிய இறுதிக் காட்சியும் ஏறத்தாழ அதுவே. செப்ரெம்பரில் கப்பல் புறப்பட்டது. 1806 மார்ச்சில் இலண்டன் தேவாலயமொன்றில் அவர்களுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. சாஹிப் ஆலம் வில்லியம் ஜோர்ஜ் ஆனான். நூருன்னிசா கதரின் அவுரோரா ஆனாள். கிற்றி என்பது அவளுடைய செல்லப் பெயர்.

அதற்குள் தந்தை உயிரோடிருக்கவில்லை. நோயுற்ற நிலையில் கல்கத்தா சென்ற கேர்க்பட்ரிக் 1805 ஒக்டோபர் 15 இல் அங்கே இறந்தார். சில மாத இடைவெளியில் பத்தொன்பது வயதளவினரான கைருன்னிசா கணவனையும் இரு பிள்ளைகளையும் இழந்தவரானார். பிள்ளைகள் உயிரோடிருந்தும் அவருக்கு இல்லாதோர் ஆயினர்.

ஓவியத்தை வைத்திருந்தவர்

கேர்க்பட்ரிக்கின் உதவியாளராக இருந்த ஹென்றி ரசல், அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். கணவனின் கல்லறையைக் காண 1806 இல் கைருன்னிசா தாயோடு கல்கத்தா சென்றபோது ரசலும் அங்கிருந்தார். அங்கே அவ்விருவருக்குமிடையே உறவு ஏற்பட்டது. இச்செய்தி ஐதராபாத்தை எட்டியதும், அப்போது திவானாக இருந்த மீர் ஆலம் கைருன்னிசா நகருக்குத் திரும்புவதைத் தடுத்தார். அவர் தாயோடு மசூலிப்பட்டணத்தில் தங்கவேண்டியதாயிற்று. ரசல் வருவார் என அங்கே அவர் காத்திருந்தார். ரசலோ 1808 இல் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்தார். அச்செய்தியைத் தாம் நேரிற் கூறாது, தம் சகோதரர் மூலமாகவே தெரிவித்தார். பின்னாளில் ஐதராபாத்துக்குத் திரும்பிய கைருன்னிசா 1813 செப்ரெம்பரில், இருபத்தேழு வயதளவில் இறந்தார். அவர் இறந்தபோது ஐதராபாத்தின் வதிவிடப் பிரதிநிதியாக வீற்றிருந்தவர் அதே ரசல்.

ரசல் இங்கிலாந்துக்குத் திரும்பிச் சுவலோபீல்ட் என்னும் இடத்தில் தம் குடும்ப மாளிகையில் வாழ்ந்தார். சின்னரியின் ஓவியம் அம்மாளிகையிலே தொங்கியது. 1829 இல் படை அதிகாரியொருவரை மணந்து, பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட கிற்றி, ஒருமுறை அம்மாளிகைக்குச் சென்றபோது அவ்வோவியத்தைக் கண்டு கண்ணீர் விட்டழுதார் எனக் கூறப்படுகின்றது. அவருடைய தமையன் வில்லியம் ஜோர்ஜ், சிறுவயதில் கொதிநீரில் வீழ்ந்து உடற்குறையுற்று, 1828 இல் இறந்துவிட்டிருந்தார். அப்படத்தில் நின்ற இருவருள் எஞ்சியிருந்தவர் கிற்றி ஒருவரே. 1852 இல் இறந்த ரசல் தம் உயிலில் அவ்வோவியத்தைக் கிற்றிக்கு விட்டுச்சென்றார்.

ஓவியம் உரியவரைச் சேர்ந்தது. ஆனால், தாயின் இறுதி ஆண்டுகளைப் பற்றிய உண்மை அதனோடு சேர்ந்து செல்லவில்லை. ரசல் தம் சகோதரருக்கு எழுதிய கடிதங்கள் ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் அடங்கிக் கிடந்தன. அவற்றை விரிவாகப் பயன்படுத்தி டல்றிம்பிள் 2002 இல் எழுதிய ‘வெள்ளை மொகலாயர்’ எனப் பொருள்படும் நூலின் மூலமே இவ்வுறவின் முழு வடிவம் பொதுவாசகருக்குத் தெரியவந்தது. கண்ணுக்கு நேரே சுவரில் தொங்கிய ஓவியம் ஒரு வாழ்வை நினைவூட்டிற்று. அதே வேளையில், அதனை வைத்திருந்தவரின் பெட்டிக்குள் இருந்த கடிதங்கள் அவ்வாழ்வின் மற்றொரு பகுதியை மறைத்துவைத்திருந்தன.

பாட்டியும் பேர்த்தியும்

1841 இல் கிற்றி ஐதராபாத்தில் இன்னும் உயிரோடிருந்த தம் தாய்வழிப் பாட்டி ஷரபுன்னிசாவோடு கடிதத் தொடர்பு கொண்டார். பிரிவு நிகழ்ந்து முப்பத்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. ஐதராபாத்திற் பணிபுரிந்த ஆங்கில அதிகாரியொருவர் இடைநின்று உதவினார். பேர்த்தி ஆங்கிலத்தில் எழுதினார். பாட்டி பாரசீகத்தில் மறுமொழி எழுதுவித்தார். கடிதங்கள் இருபுறமும் மொழிபெயர்ப்பாளரின் கைகளினூடாகவே சென்றன. ஒருவரையொருவர் மீண்டும் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

அக்கடிதங்களில் ஒன்றில் கிற்றி தம் நினைவில் எஞ்சியதைக் கூறுகின்றார். பிரியும் வேளையில் தாய் கதறியழுததும், அவர் அமர்ந்திருந்த இடமும், தம் நீண்ட கூந்தலைப் பிய்த்துக்கொண்டு அழுததும் கண்முன்னே நிற்பதாக எழுதுகின்றார். அக்கூந்தலில் ஒரு கற்றை கிடைக்குமாயின் அதற்கு ஈடாக எதனையும் கொடுக்கச் சித்தமாயிருப்பதாகவும் குறிப்பிடுகின்றார். தாயின் முகத்தையோ குரலையோ அவர் கேட்கவில்லை. தலைவிரிகோலமாக அழுத தாயிடமிருந்து தம் நினைவில் ஒட்டிக்கொண்ட அந்த ஒன்றையே கேட்டார்.

ஷரபுன்னிசாவின் மறுமொழியும் உருக்கமானது. பேர்த்தியின் கடிதத்தைத் தலையிலும் கண்களிலும் மாறிமாறி வைத்துக்கொண்டதாக அவர் தெரிவிக்கின்றார். பெண் ஓவியர் ஒருவர் கிடைப்பாராயின் தம் உருவத்தைத் தீட்டுவித்து அனுப்புவதாகவும் கூறுகின்றார். பர்தாவுக்குரிய ஒழுங்கில் வாழ்ந்த மூதாட்டி ஆண் ஓவியர் முன் அமர்தல் இயலாது. கேட்ட கூந்தலையோ அவர் அனுப்பிவைத்தார். மகள் இறந்து ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளாக அம்மூதாட்டி அதனைப் பேணி வைத்திருந்தார் என்பது இதனாற் புலனாகின்றது.

இக்கூந்தற் கற்றையின் பொருளை இரு பண்பாடுகளின் நோக்கிலும் உணர்தல் தகும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், இறந்தோரின் மயிரைக் கழுத்தணிச் சிமிழில் வைத்துப் பேணும் வழக்கம் பரவலாக இருந்தது. கிற்றி கேட்டது ஓர் ஆங்கிலப் பெண் கேட்கக்கூடிய நினைவுப்பொருளையே. ஐதராபாத்து உயர்குடியிலோ, பெண்ணின் கூந்தல் அயலார் கண்ணிற் படலாகாத ஒன்று. உயிரோடிருந்தபோது வாயில் தாண்டிக் காணப்படாதது, இறந்தபின் கடல் தாண்டிச் சென்றது. தாய் தன் மகளின் கூந்தலை, அம்மகள் இழந்த மகளுக்கு அனுப்பினார். மூன்று தலைமுறைப் பெண்களை இணைத்த அப்பொருளைப் பற்றி எந்த அரச அலுவலகத்திலும் குறிப்பு எழுதப்பட வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஷரபுன்னிசா 1847 இல் இறந்தார். கிற்றி 1889 வரை இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டோர்க்கீ நகரில் வாழ்ந்து மறைந்தார். இளமையில் அவரை அறிந்திருந்த தோமஸ் கார்லைல் தம் ‘சார்ட்டர் றிசார்ட்டஸ்’ நூலிற் படைத்த புளூமின் என்ற பாத்திரத்துக்கு அவரே முன்மாதிரி எனப் பலர் கருதுவர்.

சான்றுகளை நிறுத்துப் பார்த்தல்

கைருன்னிசாவின் வரலாற்றுக்குரிய சான்றுகளை இனி ஒருங்குவைத்து நோக்கலாம். முதலாவது வகை 1801 ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை போன்ற அரச ஆவணங்கள். அவை நாள், இடம், சாட்சி என்பவற்றில் தெளிவுடையன. ஆனால், பெண்ணை அரசியற் பிரச்சினையாக மட்டுமே காண்கின்றன. இரண்டாவது வகை கேர்க்பட்ரிக், ரசல் ஆகிய ஆண்களின் தனிப்பட்ட கடிதங்கள். அவை மனத்தின் உள்ளோட்டங்களைக் காட்டுகின்றன. எனினும், ஒருவர் தம்மை நியாயப்படுத்த எழுதினார். மற்றவர் தம் பொறுப்பிலிருந்து விலக எழுதினார். மூன்றாவது வகை பெண்கள் பேணிய கூந்தலும் அவர்கள் பரிமாறிய கடிதங்களும். அவை இழப்பின் ஆழத்தைக் காட்டுகின்றன. எனினும், மூன்று வயதுக் குழந்தையின் நினைவு முப்பத்தாறு ஆண்டுகளின் பின் எழுத்தானது என்பதையும், அவ்வெழுத்து மொழிபெயர்ப்பினூடாகவே சென்றது என்பதையும் மறத்தலாகாது.

இச்சான்றுகளைப் பிற்காலத்தவர் கையாண்ட முறையும் கவனத்துக்குரியது. கிற்றியின் உறவினரான சேர் எட்வேர்ட் ஸ்ட்ரேச்சி 1893 இல் ‘பிளக்வுட்ஸ்’ சஞ்சிகையில் இவ்வரலாற்றை எழுதினார். ஜேம்ஸ் அக்கிலிஸ் கேர்க்பட்ரிக்கின் காதல்மணம் என்ற பொருளில் அமைந்தது அதன் தலைப்பு. 1801 இல் அரச ஐயத்துக்குரியதாக இருந்த உறவு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் குடும்பத்தின் இனிய கதையாக மாறிவிட்டது. ஆபத்து நீங்கியபின் இரகசியம் அழகு பெற்றது எனலாம். ஆயினும், அத்தலைப்பிலும் கணவரின் பெயரே இடம்பெற்றது. மணந்த பெண்ணின் பெயர் இடம்பெறவில்லை.

இங்கே பொதுவானதோர் உண்மை வெளிப்படுகின்றது. இறந்த பாட்டியின் பேழையில் ஒரு மடலோ படமோ கிடைக்கும்போது, பின்வந்தோர் அதனை உடனே இனிய காதற் கதையாகப் புனைந்துகொள்ள விரும்புவர். அவ்வாறு புனையும்போது பதினான்கு வயதுப் பெண்ணின் நிலை மறைந்துவிடும். மசூலிப்பட்டணத்திற் காத்திருந்த ஆண்டுகள் மறைந்துவிடும். பெயர் மாற்றப்பட்ட பிள்ளைகளின் இழப்பும் மறைந்துவிடும். மறுபுறம், கடும் ஐயப்பாட்டோடு எல்லாவற்றையும் அதிகார உறவென்று மட்டும் விளக்குவோமாயின், குறித்த மணத்தை மறுத்து வேறொன்றைத் தேர்ந்த பெண்ணின் துணிவை நாமும் பறித்தவர்களாவோம். இவ்விரு தவறுகளுக்கும் இடையேதான் வரலாற்று மாணவனின் வழி செல்கின்றது. பேழையிற் கிடைத்த பொருள் எது என்று கேட்பதோடு அவன் நின்றுவிடலாகாது. அதனை வைத்திருந்தவர் யார், ஏன் வைத்திருந்தார், அதனோடு வைக்காமல் விட்டது எது என்ற வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

சின்னரியின் ஓவியத்தை ரசல் வைத்திருந்தார். அவருடைய வீட்டில் அது ஒரு நண்பரின் பிள்ளைகளுடைய படமாகவும் இருந்திருக்கலாம். அவர் கைவிட்ட பெண்ணின் நினைவாகவும் இருந்திருக்கலாம். பார்ப்போருக்கு எது தெரியவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவரே. கூந்தலை ஷரபுன்னிசா வைத்திருந்தார். அதிற் பார்ப்போருக்குக் காட்டவேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஒன்று கலைச்செல்வமாகி, பின்னாளில் ஹொங்கொங்கில் வங்கியொன்றின் சேகரிப்பை அடைந்தது. மற்றதற்கு விலையில்லை. ஆயினும், கைருன்னிசா எவ்வாறு நேசிக்கப்பட்டார், எவ்வாறு இழக்கப்பட்டார் என்பதற்கு இவ்விரண்டனுள் ஐயத்துக்கிடமற்ற சாட்சி விலையில்லாத அக்கற்றையே.

முடிவுரை

கேர்க்பட்ரிக்கின் மாளிகை 1949 முதல் பல தசாப்தங்களாக ஒஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாக விளங்கிற்று. பெண்ணொருவர் மறைந்து வாழ்ந்த வளாகத்தில் பெண்கள் வெளிப்படையாகக் கல்வி கற்றனர் என்பது காலம் செய்த நல்ல மாற்றம். கைருன்னிசா வாழ்ந்த ரங்க மஹாலோ 19 ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அதன் வாயில் மட்டும் எஞ்சிற்று. கல்லாற் கட்டியது அழிந்தது. ஒரு தாய் மடித்துவைத்த மயிர் மகளைச் சென்று சேர்ந்தது.

சமூக வரலாறு எழுத முற்படும் இன்றைய மாணவர் இதிலிருந்து பெறக்கூடிய பாடம் ஒன்றுண்டு. வீடுகளிலே மூத்த பெண்கள் இறந்தபின் அவர்களின் பெட்டகங்கள் திறக்கப்படுகின்றன. நகையும் உறுதிப் பத்திரமும் எடுத்துவைக்கப்படுகின்றன. பழைய மடல்களும் மங்கிய படங்களும் பயனற்றவை என எரிக்கப்படுகின்றன. எரிக்கப்படுவனவற்றுள்தான் அப்பெண்கள் தமக்கெனத் தேர்ந்து காத்தவை இருக்கின்றன. அவற்றைப் பேணுதல் கடமை. அவற்றைப் படிக்கும்போது வேண்டிய கதையை அவற்றின் மீது ஏற்றாதிருத்தல் அதனினும் கடினமான கடமை. கிற்றி கேட்டதும் ஒரு கதையையன்று. தாயின் கூந்தலில் ஒரு கற்றையை மட்டுமே.